சார் ரூல்

செவ்வாய்க்கிழமை காலை சபைகூடல் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தலைமையாசிரியை பெர்னடெட் குமுதாவின் முழங்கையை மெல்லத் தொட்டார். அந்தத் தொடுகையிலேயே ஏதோ சரியில்லை என்று குமுதாவுக்குத் தெரிந்துவிட்டது. கணவர் இறந்ததிலிருந்து, சங்கடமான செய்தியோடு வருகிற எல்லோரும் முதலில் அவள் முழங்கையைத்தான் தொடுகிறார்கள்.

"வியாழக்கிழமை ஆறு மல்லிகை கிளாஸுக்கு வந்து உக்கார்றேன், குமுதா. உங்க வரலாறு பாடத்துக்கு. சும்மா பின்னால."

"அப்சர்வேஷனா மேடம்?"

"அப்படியே வெச்சுக்குவோம்." பெர்னடெட் குரலைத் தாழ்த்தினார். "பாலன் வந்து சொன்னாரு. ஒரு தடவை இல்ல. பக்கத்து கிளாஸ்ல அவரால வாயத் திறக்க முடியலையாம். அவ்ளோ சத்தமாம். நான் உங்களக் குத்தம் சொல்லல. உங்க நெலமையில யாரா இருந்தாலும் கஷ்டம்தான். அந்த வகுப்ப பாலனே எடுத்துக்கட்டும், நீங்க கொஞ்சம் மூச்சு விட்டுக்குங்களேன்."

"வேணாம் மேடம். நான் பாத்துக்கிறேன்."

"அதான், வியாழக்கிழமை பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

பெர்னடெட் கெட்டவர் இல்லை. குமுதாவின் கணவர் ராதாகிருஷ்ணனின் காரியத்துக்குக் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை பஸ் பிடித்து ஆசிரியர்கள் எல்லோரையும் அழைத்து வந்தவர் அவர்தான். அதனால்தான் பயமாக இருந்தது. கோபக்காரரிடம் சண்டை போட்டாவது வகுப்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அன்பாகப் பறிக்க வருகிறவரிடம் என்ன செய்வது?

குமுதாவும் ராதாகிருஷ்ணனும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவள் இரண்டாம் ஆண்டுக்குத் தமிழ், அவர் மேல் வகுப்புகளுக்கு வரலாறு. காலையில் ஒரே காரில் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து, பள்ளி வாசலில் பிரிந்தால், பிறகு மதியம் கார் நிறுத்துமிடத்தில்தான் பார்த்துக்கொள்வார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவர் பாடம் நடத்தி அவள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பள்ளி விடுமுறையில் ஒரு காலை, கார் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டே சோபாவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. அந்தக் காரை அவள் இன்னும் எடுக்கவில்லை. கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் இரயில் ஏறி, கிள்ளானில் இறங்கி வருகிறாள்.

விடுப்பு முடிந்து திரும்பியபோது, அவருடைய ஆறாம் ஆண்டு வரலாற்று வகுப்பைத் தனக்குத் தரும்படி அவளே போய்க் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. முதல் பாடத்திலேயே தெரிந்துவிட்டது.

அன்று வகுப்பு பிரார்த்தனைக் கூட்டம் மாதிரி இருந்தது. இருபது பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருந்தார்கள். அவள் பாடநூலை விரித்து, மலேசியா உருவான கதையைத் தொடங்கினாள். பாதியில், மார்வின் என்கிற குண்டுப் பையன் பெருமூச்சு விட்டான்.

"சார் இருந்தா இந்நேரம் கேம் வெச்சிருப்பாரு லா."

பக்கத்தில் இருந்த ஜோஆன் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். அவன் "ஆய்!" என்று கத்தினான். எல்லோரும் குமுதாவைப் பார்த்தார்கள்.

"என்ன கேம்?" என்றாள் குமுதா.

அவ்வளவுதான். அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. நான்கு குழு, டீச்சர். சிற்றுண்டிச்சாலைச் சாப்பாட்டுப் பெயர்தான் வைக்கணும். நாங்க தோசை, அவங்க நாசி லெமாக், இவங்க மைலோ, முகுந்தன் ஆளுங்க ரோஜாக். ஒவ்வொரு குழுவுக்கும் அஞ்சு உயிர். பலகையில சார் வட்டம் போடுவாரு. சரியா சொன்னா, யாரோட உயிர எடுக்கலாம்னு நாமளே சொல்லலாம். தப்பா சொன்னா நம்ம உயிர் போயிடும். உயிர் எல்லாம் போச்சுன்னா...

அந்த இடத்தில் பேச்சு அறுந்தது. முகுந்தன் சமாளித்தான். "அபிஸ் லா, டீச்சர். அபிஸ்னு சொல்லிடுவோம்."

முடிந்தது என்பதற்கு அந்த மலாய்ச் சொல் போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாள் அவர்கள் சொல்லி வந்த சொல் அது இல்லை என்பது குமுதாவுக்கு உடனே விளங்கியது. தனக்காகப் பிள்ளைகள் ஒரு சொல்லை ஒளித்து வைக்கிறார்கள்.

"சார் விசில் ஊதுவாரு, டீச்சர்! அலமாரியில இருக்கு!"

அவள் அலமாரியைத் திறந்தாள். வரைபடச் சுருள்களுக்குப் பின்னால் ஓர் இரும்பு விசில் சிவப்புக் கயிற்றோடு தொங்கியது. வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக்கூடக் குறைக்கச் சொல்கிற மனிதர் அவர். விசில் ஊதுவாரா? ஊதுவார், டீச்சர். அப்புறம் மேடையில பேசுற டத்தோ மாதிரி தொண்டையைச் செருமிக்கிட்டு, "மதிப்பிற்குரிய ரோஜாக் அவர்களே"ன்னு கூப்பிடுவாரு. ஜெயிச்ச குழுவுக்குச் சட்டைப்பையிலேர்ந்து கச்சான் கடலை குடுப்பாரு. நோய்த்தடுப்பூசி போட வந்த மிஸ்ஸி அதப் பாத்து ஏசினாங்க. அப்ப சார் எங்க பின்னால ஒளிஞ்சிக்கிட்டாரு.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எத்தனையோ வாரம் கழித்து வந்த சிரிப்பு, கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. வீட்டில் அவள் மாமியாரும், ஆசிரியர் அறையில் மற்றவர்களும், அவர் பெயரைச் சொல்ல நேர்ந்தால் தரையைப் பார்ப்பார்கள். இந்த ஓர் அறையில் மட்டும் அவர் சத்தம் போடுகிறார், ஒளிகிறார், ஏச்சு வாங்குகிறார். அவள் அறியாத ஒரு ராதாகிருஷ்ணன் இங்கே மிச்சமிருந்தார். இந்த வகுப்பு போய்விட்டால் அவரும் போய்விடுவார்.

ஆகவே வாரா வாரம் விளையாட்டு வைத்தாள். மீள்பார்வை என்று பாடத்திட்டத்தில் எழுதிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு படித்தார்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

முதலில் தாமரை ஆரம்பித்தாள். பதில் மறந்துபோய் நின்றவள், "சார் ரூல், டீச்சர். மறந்துட்டா பக்கத்துல உள்ளவங்ககிட்ட ஒரு தடவ கேக்கலாம்" என்றாள். சரி என்றாள் குமுதா. அடுத்த வாரம் மார்வின், "சார் ரூல். பாதி சரின்னா பாதி உயிர்" என்றான். பாதி வட்டத்தை அழித்தாள். பிறகு, விளையாட்டு நாளில் வீட்டுப்பாடம் கிடையாது என்று ஒரு சார் ரூல் வந்தது. வெள்ளிக்கிழமை மேசைமேல் ஏறி நின்று பதில் சொல்லலாம் என்று இன்னொன்று வந்தது. அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா? ஓட்டுநர் உரிமத்தை இரண்டு மாதம் முன்னாலேயே புதுப்பிக்கிற மனிதர், பிள்ளைகளை மேசைமேல் ஏறச் சொல்லியிருப்பாரா? விசில் ஊதியவர் இதையும் செய்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு ரூலோடும் அவர் பேசிய ஒரு வாக்கியமும் சேர்ந்து வந்தது. அவள் எதையும் மறுக்கவில்லை. சார் சொன்னார் என்றால் எந்தப் பூட்டும் திறக்கும் என்று பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். ரூலுக்கு ரூல் மோதியது. மோதலுக்கு மோதல் சத்தம் ஏறியது. பாலன் சுவரைத் தட்டினார்.

செவ்வாய் போய், புதனும் போனது. வியாழக்கிழமை கொம்யூட்டர் சுபாங் ஜெயாவில் நின்றுவிட்டது. சமிக்ஞைக் கோளாறு என்று அறிவித்தார்கள். குமுதா கதவோரமாக நின்று, கைத்தொலைபேசியைப் பார்ப்பதும் பையில் போடுவதுமாக இருந்தாள். வரலாறு இடைவேளைக்குப் பிறகுதான். தாமதமானாலும் பாதகமில்லை. இன்று விளையாட்டே வேண்டாம், பாடநூலை வாசிக்கச் சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அமைதியான வகுப்பைக் காட்டினால் பெர்னடெட் திருப்தியாகப் போய்விடுவார். ஆனால் மார்வின் சும்மா இருப்பானா? "டீச்சர், இன்னிக்கு கேம் இல்லையா? ஜி.பி. வந்ததால நல்ல பிள்ள மாதிரி நடிக்கிறோமா?" என்று கேட்டுவைப்பான். தலைமையாசிரியரைப் பள்ளியில் எல்லோரும் ஜி.பி. என்றுதான் சொல்வார்கள், அவர் காதுபடச் சொல்லமாட்டார்கள். மார்வின் சொல்வான்.

இரயில் நகர்ந்தது.

இடைவேளை முடிகிற மணி அடித்ததும் அவள் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளை உட்காரவைத்தாள். "இங்க பாருங்க. இன்னிக்கு மேடம் வந்து பின்னால உக்காருவாங்க. கேம் உண்டு. ஆனா சத்தம் கூடாது. கத்தினா..." கத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஜோஆன் கேட்டுவிட்டாள். "கத்தினா பாலன் சார் எங்களுக்கு வந்துடுவாரா, டீச்சர்?"

"யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும் லா" என்றான் முகுந்தன். ஒல்லியான பையன். தோற்பதென்றால் அவனுக்கு உயிர் போகும். "நாங்க கத்தமாட்டோம், டீச்சர். சத்தியமா."

பெர்னடெட் குறிப்புக் கோப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் கடைசி வரிசையில் சின்ன நாற்காலியில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தார்.

குமுதா பலகையில் வட்டங்களைப் போட்டாள். மார்க்கர் கீச்சிட்டது. விசிலை அவள் அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை.

"முதல் கேள்வி, மைலோவுக்கு. மலேசியா எந்த ஆண்டு அமைக்கப்பட்டது?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூணு" என்று மார்வின் கிசுகிசுத்தான். மருத்துவமனையில் பேசுகிற மாதிரி இருந்தது. "தயவுசெய்து நாசி லெமாக்கோட ஒரு உயிர எடுத்துக்குங்க, டீச்சர்."

நாசி லெமாக் குழுவில் யாரோ களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்த கேள்வி, அதற்கடுத்தது. பிள்ளைகள் கையைத் தூக்கி, பெயர் சொல்லும்வரை காத்திருந்து, மெல்லப் பதில் சொன்னார்கள். எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் குமுதாவுக்கு எதுவும் ஒட்டவில்லை. இது அவர் விளையாட்டு இல்லை. இதில் அவர் எங்கேயும் இல்லை. சத்தமில்லாத இந்த வகுப்பைக் காப்பாற்றித்தான் என்ன பயன் என்று ஒரு நொடி தோன்றியது. பெர்னடெட் எதையோ குறித்துக்கொண்டார்.

ரோஜாக்கின் வட்டங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முகுந்தனை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் உயிர் எடுக்க வேண்டுமென்றால் எல்லோரும் அவன் குழுவைத்தான் சொல்வார்கள், அவன் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காக. கடைசி வட்டம் ஒன்று நின்றது.

"ரோஜாக். மலேசியாவில் சேருவது பற்றிப் பேச்சு நடந்து, கடைசியில் சேராமல் போன நாடு எது?"

முகுந்தன் துள்ளி எழுந்தான். "சிங்கப்பூர்!"

அவன் குழுவிலிருந்த தாமரை தலையில் கைவைத்துக்கொண்டாள். "டேய் மங்குனி! சிங்கப்பூர் சேந்துட்டு அப்புறம் பிரிஞ்சிச்சு. புருணைடா, புருணை!"

"நான் அதான் சொல்ல வந்தேன்!"

"வரல, போயிட்ட" என்றான் மார்வின்.

குமுதா அந்த வட்டத்தை விரலால் அழித்தாள். ரோஜாக் என்ற பெயருக்குக் கீழே வெறும் வெள்ளை.

முகுந்தனின் கழுத்து சிவந்தது. அவன் பின்னால் உட்கார்ந்திருந்தவரை மறந்தான், செய்த சத்தியத்தை மறந்தான், ஒளித்து வைத்திருந்த சொல்லையும் மறந்தான்.

"சார் ரூல்! சார் ரூல், டீச்சர்! செத்துப்போன குழு ஒரு தடவ திரும்பி வரலாம்!"

வகுப்பு உறைந்தது. தாமரை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் தான் சொன்னது இன்னதென்று உணர்ந்து, வாய் திறந்தபடி நின்றான். பெர்னடெட் பேனாவைக் கீழே வைத்தார்.

குமுதாவின் காதில் அந்த வாக்கியம் மறுபடியும் மறுபடியும் ஓடியது. ஒரு தடவ திரும்பி வரலாம்.

"பொய்!" ஜோஆன் எழுந்துவிட்டாள். "டீச்சர், அப்படி ஒரு ரூலே கிடையாது. சார் எப்பவும் என்ன சொல்வாரு? செத்தா செத்ததுதான்னு சொல்வாரு."

"உனக்கு என்ன தெரியும்? அஞ்சாம் ஆண்டுல எனக்கு ஒரு உயிர் திருப்பிக் குடுத்தாரு!"

"அது நீ அழுத! அழுதேன்னு குடுத்தாரு!"

"நான் அழல!"

"மூக்குச்சளி மேசையில ஒழுகிச்சுடா" என்றான் மார்வின். "நான்தான் தொடச்சேன்."

"குடுத்தாருல்ல? குடுத்தா அது ரூல்!"

"ஒரு தடவ குடுத்தா ரூலா? அப்ப மேசமேல ஏறுறதும் ரூலா? அது நீயே கண்டுபுடிச்சது!"

"நீ பாதி உயிர் கண்டுபுடிக்கல?"

அப்படி உடைந்தது. இருபது பேரும் எழுந்து நின்றார்கள். யார் எந்த ரூலை இட்டுக்கட்டினார்கள், சார் எதைச் சொன்னார், எதைச் சொல்லவே இல்லை என்று ஒருவர் மேல் ஒருவர் கொட்டினார்கள். வாராவாரம் அவள் சேர்த்துவைத்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன. மேசை ரூல் பொய். வீட்டுப்பாட ரூல் பொய். பக்கத்தில் கேட்கலாம் என்றது பாதிப் பொய். "சார் இருந்தா உன்னை இப்ப..." "சார் இருந்தா நீ வாயே திறக்கமாட்ட!" பக்கத்துச் சுவரில் பாலன் தட்டினார். ஒருமுறை தட்டினார், பிறகு விடாமல் தட்டினார்.

பெர்னடெட் எழுந்து முன்னால் வந்தார். குழந்தைகளை அவர் அதட்டவில்லை. குமுதாவின் பக்கத்தில் வந்து நின்று, தாழ்ந்த குரலில், "விடுங்க குமுதா. நான் பாத்துக்கிறேன். நீங்க போய்க் கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார். கை முழங்கையை நோக்கி வந்தது.

குமுதா கையை விலக்கிக்கொண்டாள்.

அவளுக்கும் அந்த ரூல்தான் வேண்டியிருந்தது. ஆமாம், திரும்பி வரலாம், அதுதான் சார் ரூல் என்று சொல்லிவிட்டால் யாரும் அவளைத் தப்புச் சொல்லமாட்டார்கள். முகுந்தன் சிரிப்பான். ஆனால் ஜோஆன் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரியும். இன்று வீட்டுக்குப் போனதும் அவரிடமே கேட்டுவிட வேண்டும் என்று ஒரு நினைப்பு, பழக்க தோஷத்தில், நெஞ்சுவரை வந்து நின்றது. ராதா, உங்க வகுப்புல செத்த குழு திரும்பி வரலாமா, கூடாதா?

கேட்க முடியாது. இத்தனை வாரமாக இந்தப் பிள்ளைகளின் வாயில் அவரைத் தேடி, அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தாள். அதில் பாதி அவரே இல்லை.

அவள் மார்க்கரின் அடிப்பக்கத்தால் பலகையில் தட்டினாள். யாரும் திரும்பவில்லை. பிறகு, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், டஸ்டரை எடுத்து நான்கு குழுவின் வட்டங்களையும் ஒரே இழுப்பில் அழித்தாள்.

சத்தம் நின்றது.

"டீச்சர், எங்க உயிர்!" என்றான் மார்வின், அழாக்குறையாக. "எங்களுக்கு நாலு இருந்துச்சு, டீச்சர்!"

"தெரியும். திருப்பிப் போடறேன். முதல்ல எல்லாரும் உக்காருங்க." அவள் டஸ்டரைக் கீழே வைத்தாள். "முகுந்தா. சார் உனக்கு அன்னிக்கு ஒரு உயிர் குடுத்தாருல்ல?"

"குடுத்தாரு, டீச்சர்." அவன் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"அழுததாலயா?"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "கொஞ்சமா அழுதேன்" என்றான்.

"குடுத்திருப்பாரு. சார் அப்படித்தான். ஆனா இன்னிக்கு அவர் இருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியாது. உங்க யாருக்கும் தெரியாது. அவரக் கேக்கவும் முடியாது. சார் செத்துட்டாரு."

அந்தச் சொல்லை அவள் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. காலமானார், தவறிட்டார், போய்ட்டார் என்று எத்தனையோ சொல்லியிருக்கிறாள். பெர்னடெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதனால இனிமே சார் ரூல் கிடையாது. நான் சொல்றதுதான் ரூல். பாதி உயிர் கிடையாது. மேசமேல ஏறக்கூடாது. வீட்டுப்பாடம் உண்டு. ரோஜாக் செத்துப்போச்சு, முகுந்தா. திரும்பி வர முடியாது."

முகுந்தன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

விளையாட்டு பாதியில் நிற்கிறது. ஐந்து பிள்ளைகள் மணி அடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஆனா இன்னிக்கு மிச்சக் கேள்வியெல்லாம் ரோஜாக்தான் கேக்கணும். புத்தகத்தப் பாத்துக் கேளுங்க. பதில் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் கேக்கமாட்டேன்."

"எவ்ளோ கஷ்டமா வேணும்னாலும் கேக்கலாமா, டீச்சர்?" என்று தாமரை கேட்டாள்.

"கேக்கலாம்."

"இது யாரு ரூல்?" என்றாள் ஜோஆன், சந்தேகத்தோடு.

"என் ரூல்."

ஜோஆன் அதைக் கொஞ்சநேரம் மென்று பார்த்து, தலையாட்டினாள்.

ரோஜாக் குழுவின் ஐந்து தலைகளும் ஒரு பாடநூலுக்கு மேல் குவிந்தன. குமுதா மற்றவர்களின் வட்டங்களை நினைவிலிருந்து திருப்பிப் போட்டாள். தப்பாகப் போட்டபோது பிள்ளைகள் திருத்தினார்கள். முகுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். தொண்டையைச் செருமப் போனவன், அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருமாமல் விட்டான்.

"தோசை. கோபோல்ட் ஆணையத்துல மொத்தம் எத்தன பேரு?"

"டேய், அது புத்தகத்துல இருக்கா?" ஜோஆன் பதறிப் பக்கத்தைப் புரட்டினாள். மூன்று குழுக்களும் புரட்டின. சபா, சரவாக் மக்களிடம் கருத்துக் கேட்க வந்த ஆணையம் என்று எல்லோருக்கும் தெரியும். எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தாள்கள் புரளும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பெர்னடெட்டும், நின்ற இடத்திலேயே, பக்கத்து மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நாலு" என்றாள் ஜோஆன், பாதி மனதாக.

"அஞ்சு!" முகுந்தன் குதித்தான். "தலைவரையும் சேத்து அஞ்சு! தோசைக்கு ஒரு உயிர் போச்சு, டீச்சர்!"

மணி அடிக்கும்வரை ரோஜாக் மற்ற மூன்று குழுக்களையும் வதைத்தது. சத்தம் இருந்தது. ஆனால் சுவரில் யாரும் தட்டவில்லை.

பிள்ளைகள் அறிவியல் அறைக்குப் போன பிறகு, பெர்னடெட் கோப்பை மூடினார். "நான் பயந்துட்டேன், குமுதா. அந்தச் சொல்லப் பிள்ளைங்ககிட்ட அப்படிப் பட்டுன்னு சொன்னதும்."

"நானும்தான் மேடம்."

"வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். பாலன்கிட்ட நான் பேசிக்கிறேன்." வாசல்வரை போனவர் நின்றார். "அஞ்சு பேருன்னு எனக்கே தெரியாது, பாருங்க." இந்த முறை அவர் முழங்கையைத் தொடவில்லை.

அவள் வேண்டியது கிடைத்துவிட்டது. அன்று கொம்யூட்டரில் உட்கார இடமும் கிடைத்தது. ஷா ஆலம் தாண்டும்வரை நிம்மதியாகத்தான் இருந்தாள். அதற்குப் பிறகு, எதையோ பள்ளியில் விட்டுவிட்டு வந்த மாதிரி ஓர் உறுத்தல். பையைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தன.

அடுத்த வியாழக்கிழமை விளையாட்டு சூடாகவே நடந்தது. இந்த முறை முதலில் செத்தது மைலோ. மார்வின் தானாகவே புத்தகத்தை எடுத்துக்கொண்டு கேள்வி தேடப் போய்விட்டான். செத்தால்தான் ஜாலி என்றான். நடுவில் தோசைக்கும் ரோஜாக்குக்கும் தகராறு. தாமரை சரியான பதிலைத்தான் சொன்னாள், ஆனால் கை தூக்குவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். உயிர் உண்டா, இல்லையா?

"கை தூக்கல, அதனால செல்லாது!" என்றாள் ஜோஆன்.

"பதில் சரின்னா சரிதான்!" என்றான் முகுந்தன்.

குமுதா மார்க்கரைப் பிடித்தபடி நின்றாள். அவள் காது எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. ஜோஆன் வாயைத் திறந்தபோது, இதோ வருகிறது என்று நினைத்தாள். முகுந்தன் மூச்சை இழுத்தபோதும் நினைத்தாள். சொல்லுங்களேன், ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன் என்று அவளுக்குக் கெஞ்சத் தோன்றியது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

சார் ரூல் என்று யாரும் சொல்லவில்லை. வாதாடி முடித்தவர்கள், எதிரும் புதிருமாக நின்றவர்கள், எல்லோரும் ஒன்றாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க" என்றாள் ஜோஆன்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். கேள்வி சின்னதுதான், கை தூக்காமல் சொன்னது செல்லுமா, செல்லாதா. அவளே தீர்ப்புச் சொன்னாள்.